என்னை உதாரணம் காட்டாதீர்கள்: குமரிக் கடலோரக் கால்பந்து கிளப் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கமிட்டி அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

ஊர் பெயரும் என் பெயரும் போடாமல் எழுதுகிறேன். போடாவிட்டாலும் உங்களில் பாதிப்பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் சின்னப் பையன்களுக்கு எங்கே டோர்னமெண்ட் வைத்தாலும் கொடியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடுகிற லைன்ஸ்மேன் நான்தான். பணம் வேண்டாம், கட்டன்சாயாவும் பழம்பொரியும் போதும் என்று சொல்லி உங்களைக் கெடுத்து வைத்திருப்பவனும் நானேதான்.

போன ஜூனில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிற அப்பாமார் சேர்ந்தாற்போல் ஊரில் இருப்பது இந்த இரண்டு மாதம்தான். கோட்டோரம் சத்தம் காதைப் பிளப்பதும் இந்த இரண்டு மாதம்தான். 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். காலையில் பெய்த மழையில் கோயில் மைதானத்தின் ஒரு மூலை சேறாகிக் கிடந்தது. நீங்கள் மரத்தூள் கொட்டியிருந்தீர்கள்.

முதல் பாதியில் பந்து நீளமாக என் பக்கம் வந்தது. பதினோராம் நம்பர் பையன் எதிர் டீமின் கடைசித் தடுப்பாட்டக்காரனைவிட ஓர் எட்டு முன்னால் நின்றான். ஆஃப்சைடு. கொடியைச் சட்டென்று தூக்கினேன். அவன் என்னிடமிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில்தான் இருந்தான். அவன் பந்தைப் பார்க்கவில்லை, ரெஃப்ரியையும் பார்க்கவில்லை. தோளைக் குறுக்கி, தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டான். ஒரு நொடிதான். பிறகு கொடியைப் பார்த்தான், வெட்கப்பட்டான், ஓடிவிட்டான்.

வலக்கைக்காரன் எதிரே நின்று அடித்தால் அடி விழுவது இடது காதில். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே பையன் இரண்டாம் பாதியில் பெனால்டியை வெளியே அடித்தான். அவன் அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே போனார். என்ன நடந்தது என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மைக்கில் இருந்த தம்பி, “இப்போது அப்பாவின் ஸ்பெஷல் கோச்சிங்” என்றான். கூட்டம் சிரித்தது. பையன் சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி ஆட வந்தான். நான் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் யோக்கியன் எழுதும் கடிதம் அல்ல.

ஆட்டம் முடிந்து உங்களில் ஒருவரிடம் போய்ப் பேசினேன். அவர் என் தோளில் தட்டி, “விடுங்கண்ணே. நீங்களே அப்படி வளந்தவருதானே? அடிச்சதாலதானே இன்னைக்கு ரயில்வேல இருக்கீங்க” என்றார்.

என்னைப் பற்றி நீங்கள் சொல்கிற அந்தக் கதை எனக்கு மனப்பாடம். அவன் அப்பன் திருக்கைவாலால் விளாசி வளர்த்தான், அதனால்தான் ஜில்லா டீம், யுனிவர்சிட்டி டீம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை. ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தும்போதும் இதையே சொன்னீர்கள். நான் மேடையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கைகூடத் தட்டினேன். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். இனி எந்த அப்பாவிடமும், எந்தக் கோச்சிடமும் என்னை உதாரணம் காட்டாதீர்கள். அது பொய்க் கதை. பொய் என்று எனக்குத் தெரிந்தே இருபது வருடம் ஓடவிட்டிருக்கிறேன்.

இளசுகளுக்குத் திருக்கைவால் தெரியாமல் இருக்கலாம். திருக்கை மீனின் வாலைக் காயவைத்து எடுத்தது. சாட்டைபோல நீண்டு நுனி மெலிந்திருக்கும், மேலே அரம்போலச் சொரசொரப்பு. எங்கள் வீட்டில் அது கதவுக்குப் பின்னால், குடை மாட்டும் ஆணியில் தொங்கியது. மழைக்காலத்தில் குடையை எடுக்கப் போனால் அதைத் தொடாமல் எடுக்க ஒரு வித்தை உண்டு.

அதை முதலில் அங்கே மாட்டியது என் தாத்தா. அப்பாவை முதல்முறை கட்டுமரத்தில் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்குப் பத்து வயது. கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தார். கரைக்கு வந்ததும் அதற்காக அடி. அப்பாவே இதைப் பெருமையாகச் சொல்வார்: “ரெண்டாவது நாளு வாந்தி வரல்ல, பாத்துக்க.” ரெண்டாவது நாளும் வந்தது, பயத்தில் அப்படியே விழுங்கிவிட்டான் என்று பாட்டி என்னிடம் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது.

எனக்கு அடி விழுந்தது பந்துக்காக. பாஸ் தப்பினால், தலையால் முட்டப் பயந்தால், எதிர் டீம் பையனிடம் சிரித்தால். 13 வயதில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலி எடுத்தது. படி ஏற முடியவில்லை. அப்பா நடிப்பு என்றார். நடிப்புக்கு மருந்து அந்த ஆணியில் தொங்கியது. பல வருடம் கழித்து ஒரு டாக்டர் புடைப்பைத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொன்னார்: ஆஸ்குட்-ஷ்லாட்டர். வேகமாக வளருகிற வயதில் ஓட்டமும் குதிப்பும் கூடிப்போனால், தொடைத் தசையின் நார் கணைக்கால் எலும்பில் ஒட்டுகிற இடத்தை இழுத்து இழுத்துப் புண்ணாக்கிவிடும். பயிற்சியைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை. புடைப்பு இன்னும் இருக்கிறது. கோயிலில் முழங்கால் போடும்போது அதுதான் முதலில் தரையைத் தொடும்.

அப்படியென்றால் ஆட்டம் எங்கிருந்து வந்தது? நம் ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு மாமாவிடமிருந்து. வேலை முடிந்து ஈரச் சட்டையோடு வருவார். கோயில் பின்சுவரில் கரியால் ஒரு வட்டம் வரைந்து, இடது காலால் மட்டும் அடி என்பார். தப்பினால் அவரே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வருவார். “சாரமில்ல மக்கா, இன்னொண்ணு.” அவ்வளவுதான் அவருடைய கோச்சிங். ஜில்லா செலக்‌ஷனில் என்னை எடுத்தது அந்த இடது காலுக்காக. அந்த மாமாவைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. திருக்கைவால் கதைக்குக் கிடைக்கிற கைதட்டு சுவரில் வரைந்த வட்டத்துக்குக் கிடைக்காது போல.

இன்னொன்றையும் யோசியுங்கள். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். அதே வீடு, அதே திருக்கைவால். என்னைவிட வேகமாக ஓடுவான், உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 15 வயதில் பூட்ஸைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பந்தை விட்டான். இப்போது கல்ஃபில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுவான். அப்பா போனை வாங்கினால் உடனே அவனுக்கு டவர் போய்விடும். அடித்து வளர்த்ததற்கு உதாரணமாக அவனை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? அடிபட்டு விட்டுப்போன பத்துப் பேரை மறந்துவிட்டு, அடிபட்டும் தப்பிய ஒருவனைக் காட்டி, பார், அடி வேலை செய்கிறது என்கிறோம்.

“அடி உதவுகிறது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்ற பழமொழியில் வரும் அடி, ஆண்டவன் திருவடி என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் யாரும் அந்த விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் எங்கள் வீட்டின் முன்பாதி போனது. கதவு போனது, ஆணி போனது, திருக்கைவாலும் போனது. தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு 11 வயது. ஒரு ஆட்டத்தில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். தோற்றதில் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடத்தில் அவன் கூட்டாளிகளோடு ஐஸ் தின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கொதித்தது. நானெல்லாம் தோற்ற நாளில் சிரித்ததில்லை. சிரிக்க விட்டதில்லை என்பதுதான் சரி. பைக்கில் பேச ஆரம்பித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் வழக்கம்போல என் இடுப்பைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் பதில் சொல்லாதது இன்னும் கோபமாக இருந்தது. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கச் சொல்லி, அடித்தேன். இரண்டு அடி. இரண்டாவது அடிக்கு முன்னால் அவன் தோளைக் குறுக்கித் தலையைச் சாய்த்துக் காதைப் பொத்தினான்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என் கை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனுக்கு வந்திருந்தது.

அன்று ராத்திரி மனைவி என்னோடு பேசவில்லை. அவள் நர்சிங் பாடம் நடத்துகிறவள். மறுநாள் காலை மரச்சீனிக்கிழங்கை உரித்துக்கொண்டே, “நீங்க போய் ஒரு டாக்டரப் பாருங்க. இல்லாட்டி நானும் பிள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம்” என்றாள். சத்தமே போடவில்லை. அதனால்தான் பயந்துபோய், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எடுத்து மனநலப் பிரிவு வரிசையில் நின்றேன். தெரிந்தவர் யாராவது பார்த்தால் முதுகுவலி என்று சொல்ல ஒரு எக்ஸ்ரே கவரையும் கையில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் கையிலும் ஓர் எக்ஸ்ரே கவர் இருந்தது.

மனைவி எனக்கு வாசித்துச் சொன்ன சில விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றவர்களே. ஆக இது நம் கடலோரத்து வியாதி மட்டும் அல்ல. மீன்காரன் முரடன் என்று பேசுகிற மேட்டுத்தெருக்காரர்கள் இதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

எனக்குத் தூக்கம் கொடுத்த விஷயம் வேறு. அடிவாங்கி வளர்ந்தவன் கட்டாயம் அடிப்பவன் ஆகிவிடுவானா என்று அமெரிக்காவில் ஜோன் காஃப்மன், எட்வர்ட் சிக்லர் என்ற இருவர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி 1987இல் எழுதினார்கள். அவர்கள் கணக்கில், கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் பெற்றோரானதும் அதையே செய்கிறார்கள். பொதுவாக மக்களிடையே இது 5 விழுக்காடு என்றால், ஆறு மடங்கு. பெரிய ஆபத்துதான். ஆனால் திருப்பிப் பாருங்கள், பத்தில் ஏழு பேர் செய்வதில்லை. ரத்தத்தில் ஓடுகிறது, விதி, எங்க குடும்பமே அப்படி என்று நான் சொல்லிக்கொண்டிருந்த எல்லாமே அந்த ஒரு கணக்கில் அடிபட்டுப் போனது.

அந்த ஏழு பேர் எப்படித் தப்பினார்கள் என்பதும் தெரிகிறது. அடுத்த ஆண்டே, 1988இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் பைரன் எக்லண்டும் அவருடைய கூட்டாளிகளும் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியது இது. தன் பிள்ளையிடம் அதைத் திரும்பச் செய்யாத தாய்மார்களிடம் மூன்று விஷயங்கள் அதிகம் காணப்பட்டன. சின்ன வயதில் அடிக்காத ஒரு பெரியவரின் அன்பு கிடைத்திருந்தது. எப்போதாவது மனநல சிகிச்சை பெற்றிருந்தார்கள். கைகொடுக்கிற ஒரு துணை இருந்தது. மனைவி இதை வாசித்து முடித்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஐஸ் கம்பெனி மாமா, ஆசாரிப்பள்ளத்து ஓ.பி. சீட்டு, மரச்சீனி உரிக்கிற இவள். மூன்றும் எனக்கு இருந்தன. அந்தப் பதினோராம் நம்பருக்கு என்ன இருக்கிறது?

அந்தப் பையனின் அப்பாவைப் பற்றிக் கெட்டதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரை எனக்குத் தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவர் கடலில் இருந்தார். அவர் திரும்பி வந்தார், அவர் மச்சான் வரவில்லை. மகன் கடலுக்குப் போகக்கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். படிப்பு ஏறவில்லை. பந்து இருக்கிறது. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் வரை போகவில்லையா? தூத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் கோப்பையில் ஆடவில்லையா? அவர் பார்வையில் அந்தப் பெனால்டி வெளியே போனபோது போனது ஒரு கோல் அல்ல, கரையில் ஒரு வேலை. அந்தப் பயம்தான் கையாக இறங்குகிறது. என் அப்பாவுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். என் தாத்தாவுக்கு, வாந்தி எடுக்கிற மகன் கடலில் எப்படிப் பிழைப்பான் என்ற பயம். பயம் உண்மை என்பதற்காக அடி சரியாகிவிடாது, அவ்வளவுதான்.

சரி, அடியால் ஆட்டம் வருமா என்று கேட்பவர்களுக்கு, கோட்டோரம் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். கமிட்டிப் பந்தலில் உட்கார்ந்தால் இது தெரியாது. பந்து வருவதற்கு முன் ஒரு பையன் எங்கே பார்க்கிறான் என்று கவனியுங்கள். நன்றாக ஆடுகிறவன் தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்ப்பான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று. அடிக்குப் பயந்தவனும் தலையைத் தூக்குவான். ஆனால் பார்ப்பது கோட்டுக்கு வெளியே, அப்பா நிற்கிற இடத்தை. அந்த ஒரு நொடியில் பந்து காலுக்கு வந்துவிடும். பிறகு அவனுக்கு ஒரே வேலை, பந்தைத் தன் காலிலிருந்து துரத்துவது. பின்னால் தட்டிவிடுவான், வெளியே அடிப்பான், கூட்டத்துக்குள் தள்ளுவான். வெட்டி உள்ளே போகிற துணிச்சல் வராது, ஏனென்றால் தப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். “ஏலேய் சவமே, முன்னால போலே” என்று கத்தக் கத்த அவன் பின்னால்தான் போவான். அப்புறம் நீங்களே சொல்வீர்கள், பையனுக்குத் தைரியம் பத்தாது என்று.

வெளியூரில் இல்லையா என்றால், இருக்கிறது. ஒடிசாவில் 2006இல் புதியா சிங் என்ற நாலு வயதுப் பையனைப் புரியிலிருந்து புவனேஸ்வருக்கு 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். கடைசியில் சுருண்டு விழுந்தான். அரசு தலையிட்டு அந்த ஓட்டங்களை நிறுத்தியது. பிரான்சில் ஓர் அப்பா, பிள்ளைகள் டென்னிஸில் ஜெயிக்க வேண்டும் என்று எதிராளிகளின் தண்ணீரில் தூக்க மருந்து கலந்தார். அதைக் குடித்த ஓர் இளைஞர் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது விபத்தில் இறந்தார். 2006இல் அந்த அப்பாவுக்கு எட்டு வருட சிறை. அந்த மனுஷனும் பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில்தான் செய்திருப்பார்.

நார்வேக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கென்றே உரிமை விதிகள் உண்டு. 11 வயது ஆகும்வரை யார் முதல், யார் கடைசி என்ற பட்டியல் போடமாட்டார்கள். 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. கேட்டால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், இப்படி வளர்த்தால் பிள்ளை சோம்பேறியாகும் என்று. 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு பட்டியலில் முதலில் நின்றது அந்தச் சின்ன நாடுதான்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள். அப்பா, மாமா, சித்தப்பா, கோச்சின் கூட்டாளி, யாராக இருந்தாலும் கயிற்றுக்கு அந்தப் பக்கம். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2008இலிருந்து சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இப்படிப் பார்வையாளர்களைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லிவருகிறது. மூன்று மீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்கலாம். கை எட்டாது, அதுதான் விஷயம். வாய் எட்டும், அதற்கு மைக் உங்கள் கையில் இருக்கிறது. கோச்சிங் ஜோக் அடிக்கிற அதே மைக்கில் ஒரே ஒரு முறை, “இன்னாரே, பிள்ளைகளை ஆட விடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் மைக்கில் பெயர் வருவதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

யாராவது உள்ளே போய்ப் பிள்ளையை அடித்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ரெஃப்ரிக்கு அந்த அதிகாரம் உண்டு. வெளியாள் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம், ஒத்திவைக்கலாம், கைவிடலாம் என்று ஆட்ட விதிகளில் 5ஆம் விதியே சொல்கிறது. செமி ஃபைனலானாலும் சரி, எம்.எல்.ஏ. வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. இனி நீங்கள் நிறுத்தாவிட்டால் நான் கொடியைக் கோட்டில் குத்திவிட்டு வெளியே வந்துவிடுவேன். போன ஜூனில் செய்யாமல் விட்டது இதுதான்.

கோச் அடிப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிரம்பு வைத்திருக்கும் கோச்சைக் கண்டிப்பானவர் என்று தேடிப்போய்ச் சேர்ப்பதை அப்பாமார் விடவேண்டும் என்றால், அந்தக் கோச்சுக்கு நீங்கள் மாலை போடுவதை முதலில் விடவேண்டும். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடைசெய்துவிட்டது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெற்றவர்களும் அந்தப் ‘பொறுப்பில் வைத்திருப்பவர்’ கணக்கில் வருவார்கள். யாரையும் ஸ்டேஷனில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. என்னையே ஏற்றியிருக்க வேண்டும் அப்படியானால். ஆனால் மைதானத்தில் ஸ்பான்சர் பேனர் பத்து தொங்குகிற இடத்தில் 1098 என்று ஒரு பலகை தொங்கினால் என்ன? அது பிள்ளைகளுக்கான உதவி எண். அப்பாமாருக்கு 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். இலவசம். எக்ஸ்ரே கவரும் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் டீம் இப்போது சில ஊர்களில் வந்திருக்கிறது. அவர்களுக்கு விழுகிற அடி மைதானத்தில் விழாது, வீட்டில் விழும். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மேடையில் பேசவிடுங்கள்.

என் வீட்டுக் கதை எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு கை ஓங்கியதே இல்லை என்றால் பொய். ஒருமுறை ஓங்கினேன், பாதியில் நின்றது. டாக்டரிடம் போய்வந்த பிறகு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: திரும்பி வரும் வழியில் பைக்கில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது, அவனாக ஆரம்பித்தால் ஒழிய. வழியில் ஏதாவது கடையில் நிறுத்தி ஏத்தம்பழமோ சர்பத்தோ வாங்கித் தருவதோடு சரி. முதல் நாலைந்து வாரம் இரண்டு பேரும் வாயே திறக்காமல் வந்தோம். வண்டிச் சத்தம்தான். பிறகு ஒருநாள் மண்டைக்காடு தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டான்: “அப்பா, ஆஃப்சைடுன்னு ஒண்ணு எதுக்கு? அது இல்லாட்டி நான் போன மேட்ச்ல மூணு கோல் அடிச்சிருப்பேன்.” வீடு வருகிற வரைக்கும் விளக்கினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் பாதி நேரம் பின்கம்பியைத்தான் பிடிக்கிறான், பாதி நேரம் இடுப்பை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தக் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று நினைத்து, நேற்றுச் சாயங்காலம் வாசித்தேன். வாந்தியை விழுங்கிய இடம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். “அம்மா சொன்னாளா?” என்று மட்டும் கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கயிறு கெட்டிட்டா இவனுவ சத்தம் போடாம இருப்பானுவளாக்கும்” என்றார். இருக்கமாட்டார்கள்தான் என்றேன்.

இன்று காலை பார்த்தால், பின்புறத்தில் சுருட்டிக் கிடந்த பழைய வலைக்கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருநூறு மீட்டர் வேண்டும், இவரிடம் நூற்றைம்பதுதான் தேறும். மிச்சம் ஐம்பதும், நடுவதற்குச் சவுக்குக் கம்பும் கமிட்டி பார்த்துக்கொண்டால் போதும். கம்புக்கு மூன்று மீட்டருக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கயிறு தொய்யும்.

இப்படிக்கு,
உங்கள் லைன்ஸ்மேன்